நெல் விளையும் ஊரில் ஒரு வேளைச் சாப்பாடு

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக நான் உங்களிடம் பேச வந்தால் உரத்தின் அளவு, மருந்தின் அளவு, விதை நேர்த்தி என்று ஏதாவது ஒன்றைக் கையில் வைத்துக் கொண்டுதான் வருவேன். இன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். 'விவசாய நிகழ்ச்சியில் சாப்பாட்டுப் பேச்சு எதற்கு?' என்று நினைக்காதீர்கள். நாம் விளைவிப்பதெல்லாம் சாப்பிடத்தானே!

2018-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், நெல் சாகுபடி பற்றிய ஒரு பயிற்சிக்காக இத்தாலி நாட்டுக்குப் போய் வந்தேன். ஊர் திரும்பியதும் கிராமத்தில் ஆண்கள் எல்லோரும், "அங்கே ஏக்கருக்கு எத்தனை மூட்டை காணும்?" என்று கேட்டார்கள். பெண்கள், "அங்கே உங்களுக்குச் சோறு கிடைச்சுதா?" என்று கேட்டார்கள். இப்போது யோசித்துப் பார்க்கும்போது, பெண்கள் கேட்டதுதான் பெரிய கேள்வி என்று தோன்றுகிறது. அதற்கான பதிலைத்தான் இன்றைக்குச் சொல்கிறேன்.

சோறு கிடைத்தது. அதுவும் மற்ற நாட்டு அரிசியில் பொங்கிய சோறு அல்ல. அந்த ஊர் வயலில் விளைந்த நெல், அந்த ஊர்ப் பயறு, அந்த ஊர்ச் சமையல்.

அந்த ஊரின் பெயர் வெர்செல்லி. இத்தாலியின் வடமேற்கு மூலையில், டூரின், மிலான் என்ற இரண்டு பெரிய நகரங்களுக்கு நடுவே இருக்கிறது. சிறிய நகரம்தான். ஏறத்தாழ 45,000 பேர் வசிக்கிறார்கள். ஊரின் ஓரமாகச் செசியா என்ற ஆறு ஓடுகிறது. 1219-ல் தொடங்கிக் கட்டிய ஒரு பெரிய தேவாலயம் ஊருக்குள் இருக்கிறது. ஊரை விட்டு வெளியே வந்தால் எந்தப் பக்கம் பார்த்தாலும் நெல் வயல்! வரப்பு, வாய்க்கால், மதகு, கொக்கு எல்லாம் இருக்கின்றன. தென்னை மரத்துக்குப் பதிலாகத் தூரத்தில் பனி மூடிய ஆல்ப்ஸ் மலை தெரிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இத்தாலியில் நெல்லா என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் விளையும் நெல்லில் ஏறக்குறைய பாதி இத்தாலியில்தான் விளைகிறது. அதன் நடு மையம் இந்த வெர்செல்லிப் பகுதி. 15-ம் நூற்றாண்டிலிருந்தே வட இத்தாலியில் நெல் பயிராகிறது. வருஷத்துக்கு ஒரே போகம்தான். ஏப்ரல், மே மாதங்களில் விதைத்துச் செப்டம்பர், அக்டோபரில் அறுக்கிறார்கள். அதற்குமேல் குளிர் வந்து விடும். வசந்த காலத்தில் வயலில் தண்ணீர் கட்டும்போது, பார்க்கிற தூரமெல்லாம் கட்டம் கட்டமாகத் தண்ணீர் நிற்கும். அதை அந்த ஊர்க்காரர்கள் 'சதுரங்களாலான கடல்' என்று சொல்கிறார்கள். அங்கே தண்ணீர் பயிரின் தாகத்துக்கு மட்டும் அல்ல. இரவில் குளிர் அடிக்கும்போது இளம்பயிருக்குப் போர்வையாகவும் அந்தத் தண்ணீர்தான் இருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மலைப் பனி உருகி ஆற்றில் வருகிறது. போ நதியிலிருந்து ஏறத்தாழ 83 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பெரிய கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். 1863-ல் தொடங்கி 1866-ல் முடித்தார்கள். வழியில் செசியா ஆறு குறுக்கிடுகிறது. என்ன செய்தார்கள் தெரியுமா? ஆற்றுக்கு அடியிலேயே கால்வாயைக் கொண்டு போய் மறுகரையில் ஏற்றி விட்டார்கள். அந்தக் கால்வாய்க்குக் கவூர் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் இத்தாலியின் முதல் பிரதமர். அரசியலுக்கு வருவதற்கு முன் வெர்செல்லிக்குப் பக்கத்தில் லேரி என்ற இடத்தில் தம் குடும்பத்தின் நெல் பண்ணையை நடத்தியவர். பாசன விவசாயிகள் 1853-லேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக் கொண்டு, தண்ணீர்ப் பங்கீட்டைத் தாங்களே பார்த்துக் கொண்டார்கள்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன்.

பயிற்சியின் மூன்றாம் நாள், எங்களோடு வந்த ஒரு வேளாண்மைக் கல்லூரி மாணவர், "ஐயா, இன்றைக்கு எங்கள் ஊர்ச் சாப்பாடு சாப்பிடலாம், வாருங்கள்" என்று ஒரு சின்ன உணவகத்துக்கு அழைத்துப் போனார். பத்துப் பன்னிரண்டு மேசைதான் இருக்கும். ஒரு வயதான அம்மாவும் அவர் மகனும் நடத்துகிறார்கள். கேட்டதெல்லாம் கிடைக்கும் ஓட்டல் அல்ல அது. அன்றைக்கு நான்கைந்து பண்டங்கள்தான். அதில் முதலாவது 'பனிஸ்ஸா'.

பனிஸ்ஸா என்பது என்ன? சுருக்கமாகச் சொன்னால் அரிசியும் பயறும் சேர்ந்த ஒரு குழைவான சாதம். அதற்குப் போடும் பயறு, பக்கத்தில் சலுஜ்ஜா என்ற கிராமத்தில் விளைகிறது. மேலே சிவப்புக் கோடுகள் இருக்கும். முதல் நாள் இரவே அதை ஊற வைத்து, மறுநாள் மெல்ல வேக வைக்கிறார்கள். இன்னொரு பாத்திரத்தில் பன்றிக் கொழுப்பை உருக்கி, வெங்காயத்தை வதக்கி, உப்புப் போட்டுப் பதப்படுத்திய இறைச்சித் துண்டுகளைச் சேர்க்கிறார்கள். அதில் அரிசியைக் கழுவாமல் அப்படியே கொட்டி வறுக்கிறார்கள். கொஞ்சம் சிவப்புத் திராட்சை மதுவை ஊற்றி அது வற்றிய பிறகு, பயறு வெந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறுகிறார்கள். பயறையும் அதிலேயே சேர்த்து விடுகிறார்கள். கஞ்சி வடிப்பது கிடையாது. அரிசியின் சத்தும் பயற்றின் சத்தும் பாத்திரத்தை விட்டு வெளியே போவதில்லை.

பன்றி இறைச்சி, மது என்றதும் சில பேர் முகம் சுளிக்கலாம். அவரவர் பழக்கம் அவரவருக்கு. நான் உங்களை அதைச் சாப்பிடச் சொல்லவில்லை. ஒவ்வொரு பொருளும் ஏன் அந்தப் பாத்திரத்துக்குள் வந்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

அந்த இறைச்சியையே எடுத்துக் கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் அதைக் காற்றில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். வெர்செல்லியில் அது நடக்காது. சுற்றிலும் தண்ணீர் கட்டிய வயல். காற்றில் எப்போதும் ஈரம். தொங்கவிட்டால் பூசணம் பிடித்துவிடும். அதனால் ஒரு மண் ஜாடியில் இறைச்சியைப் போட்டு, மேலே உருக்கிய கொழுப்பை ஊற்றி மூடி விடுகிறார்கள். காற்றும் ஈரமும் உள்ளே போகாது. மாதக் கணக்கில் கெடாது. அந்த ஜாடிக்குத் 'தூயா' என்று பெயர். இறைச்சிக்கும் அதே பெயரைத்தான் சேர்த்துச் சொல்கிறார்கள். பாருங்கள், வயலில் நிற்கும் தண்ணீர் அடுப்படியில் ஒரு புதுப் பண்டத்தையே உண்டாக்கி விட்டது!

இது பணக்காரச் சாப்பாடு அல்ல. இதற்குப் பின்னால் ஒரு பெரிய உழைப்பின் கதை இருக்கிறது. அந்தக் காலத்தில் வெர்செல்லி வயல்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வெளி மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் ரயிலில் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கு 'மொந்தினே' என்று பெயர். களை எடுப்பவர்கள் என்று அர்த்தம். மே கடைசியிலிருந்து சுமார் நாற்பது நாள் வேலை. முழங்கால் அளவு தண்ணீரில், கொசுக்கடியில், முதுகு நிமிராமல் நிற்க வேண்டும். பண்ணைக் கொட்டகையில் படுக்கை. கூலியில் ஒரு பகுதி பணம். அதோடு நாளுக்கு ஒரு கிலோ அரிசி. வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது அந்த அரிசி மூட்டைதான் வீட்டுக்குக் கொண்டு போகும் சொத்து. அவர்கள் சாப்பிட்டது பெரும்பாலும் அரிசியும் பயறும்தான்.

அந்தப் பெண்கள் வாயில்லாப் பூச்சிகளாக இருந்து விடவில்லை. 1906-ல் வெர்செல்லியில் எட்டு மணி நேர வேலை கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். அடுத்த சில வருஷங்களில் அந்த உரிமையைப் பெற்றும் விட்டார்கள். அவர்களின் வாழ்க்கையை வைத்து 1949-ல் ஒரு திரைப்படமும் வந்தது. அதை எடுத்ததே வெர்செல்லிக்குப் பக்கத்துப் பண்ணை ஒன்றில்தான். பிறகு களைக்கொல்லி வந்தது, இயந்திரம் வந்தது, நேரடி விதைப்பு வந்தது. நடவும் கைக்களையும் நின்றன. மொந்தினேப் பெண்கள் வருவதும் நின்றது.

இன்றைக்கு மேசைத் துணி விரித்து, 'பாரம்பரிய உணவு' என்று பெருமையாகப் பரிமாறுகிறார்கள். ஆனால் அது பிறந்த இடம் பசியும் களைப்பும். இதை மறக்காமல் சாப்பிட வேண்டும் என்று அந்த அம்மாவே சொன்னார். அவருடைய தாயார் பதினான்கு வயதில் களையெடுக்க வந்தவராம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெர்செல்லியிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் நொவாரா என்று இன்னொரு ஊர் இருக்கிறது. அங்கேயும் இதே போன்ற சாதம் செய்கிறார்கள். பெயர் மட்டும் கொஞ்சம் மாறிப் 'பனிஷா' ஆகிவிடும். முட்டைக்கோஸ், கேரட் போன்ற காய்கறிகளையும் அதில் சேர்ப்பார்கள். வெர்செல்லிக்காரரிடம் போய், "இரண்டும் ஒன்றுதானே?" என்று கேட்டு விடாதீர்கள். சண்டைக்கு வந்து விடுவார்! 'எங்கள் ஊர் ருசி வேறு' என்ற அந்தப் பிடிவாதம் இருக்கிறதே, அதுதான் விவசாயியைக் காப்பாற்றுகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

உணவுப் பட்டியல் அட்டையில் 'அரிசிச் சாதம்' என்று மொட்டையாக எழுதியிருக்கவில்லை. எந்த ரகத்து நெல் என்பதையும் எழுதியிருந்தார்கள். கடைகளிலும் அப்படித்தான். ஒவ்வொரு பொட்டலத்திலும் ரகத்தின் பெயர். அர்போரியோ, கர்னரோலி, பால்டோ என்று சாதாரணக் குடும்பப் பெண்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள்.

அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? அர்போரியோ என்பது வெர்செல்லி மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர். அந்த ரகம் 1946-ல் வந்தது. மரத்தெல்லி என்று ஒரு ரகம். 1914-ல் அசில்யானோ என்ற கிராமத்தில் மாரியோ மரத்தெல்லி என்பவர் தம் வயலில் மற்றப் பயிரிலிருந்து மாறுபட்டு நின்ற நெற்பயிரைக் கண்டு, அதன் மணிகளைத் தனியே எடுத்து, பெருக்கிக் கொண்டு வந்த ரகம் அது. அவர் பெயரே ரகத்துக்கு நின்றுவிட்டது. பனிஸ்ஸா செய்வதற்கு அதுதான் உயர்ந்தது என்று சொல்லும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. வரப்பில் நின்று கூர்ந்து பார்த்த ஒருவரின் கண், நூறு வருஷத்துக்குப் பிறகும் சோறு போடுகிறது.

கர்னரோலி 1945-ல் வந்தது. சமையற்காரர்கள் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். வயலில் இதன் குணம் என்ன? உயரமாக வளரும். காற்றடித்தால் சாய்ந்து விடும். குலை நோய் எளிதில் தாக்கும். புது ரகங்களைவிட மகசூலும் குறைவு. இத்தாலியில் சராசரியாக ஏக்கருக்கு இரண்டரை டன் அளவுக்கு நெல் காண்கிறார்கள். கர்னரோலியில் அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. விரிவாக்க அலுவலனாகிய என்னிடம் இதைக் காட்டி யோசனை கேட்டால், "இந்த ரகத்தை விட்டு விடுங்கள்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவர்கள் ஏன் விடவில்லை? சாப்பிடுகிறவன் பெயர் சொல்லிக் கேட்கிறான், கூடுதல் விலை கொடுக்கிறான். அதனால்தான் விடவில்லை.

இந்த அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பருத்த மணி. நடுவில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி இருக்கிறது. நம்ம வியாபாரியிடம் அதைக் காட்டினால், "வெள்ளை விழுந்த அரிசி" என்று விலையைக் குறைப்பார். அங்கே அதுதான் உயர்ந்த குணம். அந்த வெள்ளைப் பகுதி, மாவுமணிகள் நெருக்கம் இல்லாமல் இருக்கும் இடம். சாறு அங்கேதான் இறங்குகிறது. சுற்றியுள்ள கெட்டியான பகுதி மணியை உடையாமல் காக்கிறது. ஆக, ஒரு தானியம் நல்லதா கெட்டதா என்று தராசு மட்டும் முடிவு செய்ய முடியாது. அடுப்பும் சொல்ல வேண்டும்.

நல்ல பெயர் உள்ள இடத்தில் போலியும் வரும் அல்லவா? அங்கேயும் அதே கதைதான். கர்னரோலியைப் போன்ற, ஆனால் சாயாத, அதிகம் விளைகிற புது ரகங்கள் வந்தன. அவற்றையும் கர்னரோலி என்ற பெயரிலேயே விற்கச் சட்டம் இடம் கொடுத்தது. பழைய ரகத்தையே பயிரிடுகிறவர்களுக்கு இதில் மனக்குறை. 2017-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அசல் பழைய ரகமாக இருந்து, விதையிலிருந்து பொட்டலம் வரை கணக்குக் காட்டினால் 'கிளாசிக்கோ' என்ற சொல்லைப் பெயரோடு போட்டுக் கொள்ளலாம். இதற்கு முன்பே 2007-ல், வெர்செல்லிக்கும் பக்கத்து மாவட்டத்துக்கும் சேர்ந்த பராஜ்ஜா என்ற களிமண் பகுதியில் விளையும் அரிசிக்கு ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. வேறு ஊரில் விளைந்த அரிசியை அந்தப் பெயரில் விற்க முடியாது.

எல்லாம் அங்கே பொன்னும் மணியுமாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. குறைகளையும் சொல்லத்தான் வேண்டும்.

முன்பெல்லாம் வயலில் பிடித்த தவளையும் மீனும் அந்த ஊர்ச் சாப்பாட்டில் சேர்த்தி. தவளையை எண்ணெயில் பொரிப்பார்கள், சாதத்திலும் போடுவார்கள். இப்போது வயலில் தவளை குறைந்துவிட்டது. மருந்து ஒரு காரணம். வயலை அடிக்கடி காயவிடுவது மற்றொரு காரணம். மேலும், பல விவசாயிகள் காய்ந்த நிலத்தில் விதைத்து, ஒரு மாதம் கழித்துத் தண்ணீர் கட்டும் முறைக்கு மாறி வருகிறார்கள். வேலை சுலபம், செலவும் குறைவு. ஆனால் ஒரு சங்கடம். முன்பு ஏப்ரலிலேயே தண்ணீர் கட்டும்போது அது மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீராகச் சேர்ந்து, கோடையில் கீழ்ப்பகுதி ஊற்றுகளில் வெளிவரும். இப்போது அந்தச் சேமிப்புக் குறைகிறது. ஜூன் மாதம் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தண்ணீர் வேண்டியிருக்கிறது. ஒரு தனி விவசாயிக்கு லாபமாக இருப்பது, ஊருக்கே நஷ்டமாக முடியலாம். இது நமக்கும் தெரிந்த பாடம்தான்.

நான் வந்த பிறகு, 2022-ல் அங்கே பெரும் வறட்சி. மலையில் பனி குறைவு, மழையும் இல்லை. போ நதியில் எழுபது வருஷத்தில் காணாத வறட்சி என்றார்கள். ஜூலை மாதம் வட இத்தாலியில் ஐந்து மாநிலங்களுக்கு அரசாங்கம் அவசர நிலை அறிவித்தது. நெல் வயல்கள் கருகின படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தச் சின்ன உணவகத்தின் ஞாபகம்தான் வந்தது. பாத்திரம் இருக்கும், செய்முறை இருக்கும், பசியும் இருக்கும். வயலில் தண்ணீர் இல்லையென்றால் அந்தச் சாப்பாடு வெறும் பெயராகத்தான் மிஞ்சும்.

அன்றைக்கு அந்த உணவகத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டு விட்டேன். வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன்.

சாப்பிட்டு முடிந்ததும் அந்த அம்மா, பட்டையும் கிராம்பும் மணக்கும் 'பிச்சொலானி' என்ற ஒரு பிஸ்கட்டைத் தட்டில் கொண்டு வந்து வைத்து, எதிரே உட்கார்ந்து கொண்டார். மாணவர் மொழிபெயர்த்தார். "நீங்களும் நெல் விளையும் ஊர்க்காரர் என்கிறாரே. உங்கள் வீட்டில் எந்த நெல் சோறு? யார் வயல்?" என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஏன் முடியவில்லை? எங்கள் வீட்டில் நெல் விளைகிறது. விளைந்ததும் கொள்முதல் நிலையத்துக்குப் போய் விடுகிறது. நாங்கள் சாப்பிடுவது கடையில் வாங்கும் மூட்டை அரிசி. அது எந்த ஊரில் விளைந்தது, என்ன ரகம், யார் பயிரிட்டது, எதுவும் தெரியாது. நெல்லைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கிய நான், என் தட்டில் இருக்கிற சோற்றின் பெயர் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் அப்போது மனசில் உறுத்தியது. என் தகப்பனார் அரை ஏக்கரில் கிச்சிலிச் சம்பா போடுவார். வீட்டுச் சாப்பாட்டுக்கென்றே அது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "அப்பா, இது சாயுது, மகசூலும் இல்லை. எல்லா இடத்திலும் குட்டை ரகம் போட்டுடலாம்" என்று சொன்னவன் நான்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. படித்த மகன் சொல்கிறான் என்று கேட்டுக் கொண்டார். மகசூல் கூடியது, பொய் இல்லை. அந்தப் பணத்தில்தான் தங்கையின் கல்யாணம் நடந்தது. புது ரகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரை ஏக்கரை விட்டு வைத்திருக்கலாம். ஒரு மூட்டை விதையையாவது வைத்திருக்கலாம்.

இத்தாலியிலிருந்து வந்ததும் எங்கள் ஊரில் கிச்சிலிச் சம்பா விதை தேடினேன். ஒரு வீட்டிலும் இல்லை. பக்கத்துத் தாலுக்காவில் ஒரு பெரியவரிடம் இரண்டு கிலோ கிடைத்தது. நாலு சென்டில் நாற்று விட்டு நட்டோம். அறுவடையானதும் அம்மாவிடம் கொடுத்தேன். வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலையில் ஒரு வாய் சாப்பிட்டார்கள். "அது இல்லப்பா... ஆனா கிட்டத்துல வருது" என்றார்கள். அப்பா அதற்குள் காலமாகி விட்டார். அவர் சாப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது.

அன்பார்ந்த நேயர்களே, உங்களிடம் நான் கேட்டுக் கொள்வது மூன்றே விஷயங்கள்தான்.

முதலாவது, வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம், முக்கியமாகப் பாட்டிமார்களிடம், எந்தப் பலகாரத்துக்கு எந்த நெல் என்று கேட்டு வையுங்கள். பழைய சோற்றுக்கு எது, புட்டுக்கு எது, அவலுக்கு எது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்களுக்குப் பிறகு சொல்ல ஆள் இருக்காது.

இரண்டாவது, உங்கள் நிலம் முழுவதையும் மாற்ற வேண்டாம். கடன் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, மகசூல் வேண்டும். ஐந்து சென்டோ பத்து சென்டோ, வீட்டுச் சாப்பாட்டுக்கென்று ஒரு ரகத்தை வைத்துக் கொள்ளுங்கள். மற்ற ரகத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி நடுங்கள். பூக்கும்போதும் கதிர் முற்றும்போதும் வயலுக்குள் இறங்கிக் கலப்புப் பயிரைப் பிடுங்கி விடுங்கள். விதைக்கு வைப்பதை நன்றாகக் காயவைத்து, ஈரம் பதின்மூன்று சதவிகிதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக் கொள்ளுங்கள். பழைய ரகம் உயரமாக வளரும். தழைச்சத்தை அள்ளிப் போடாதீர்கள், சாய்ந்து விடும்.

மூன்றாவது, கொஞ்சம் மிஞ்சினால் பெயர் சொல்லி விற்றுப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நல்லபடியாக நடக்கும் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரரிடம் ஒரு படி அரிசியைக் கொடுத்து, "வடிச்சுப் பாருங்க" என்று சொல்லுங்கள். வேறு அரிசியை மட்டும் அந்தப் பெயரில் கலந்து விற்று விடாதீர்கள். பெயர் ஒரு தடவை கெட்டால் திரும்ப வராது.

விதை வங்கியில் ஆயிரம் ரகங்களைக் குளிரில் வைத்துக் காப்பாற்றலாம், அது வேண்டியதுதான். ஆனால் ஒரு நெல் ரகம் ஊரில் உயிரோடு இருக்க வேண்டுமானால் யாராவது அதைச் சோறாக்கிச் சாப்பிட்டுக் கொண்டிருக்க வேண்டும். வெர்செல்லிக்காரர்கள் தங்கள் பனிஸ்ஸாவைச் சாப்பிடும் வரைக்கும், பக்கத்து வயலில் அந்த நெல்லுக்கும் பயறுக்கும் இடம் இருக்கும்.

அடுத்த முறை யாராவது, "உங்க வீட்டில் எந்த நெல் சோறு? யார் வயல்?" என்று உங்களைக் கேட்டால், நான் விழித்தது போல நீங்கள் விழிக்கக் கூடாது. அதற்காகத்தான் இதைச் சொன்னேன்.